ரேப்பிட் ரீசெட்: பேட்ச் போடுவதா, எச்டிடிபி/2-ஐ அணைப்பதா, சிடிஎன் பின்னால் போவதா?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர், சில நாட்களுக்கு முன் எனக்கு ஒரு பாதுகாப்பு ஆய்வறிக்கையை அனுப்பினார். நாற்பது பக்கப் பிடிஎஃப். அதில் சிவப்பில் ஒரே ஒரு வரி: சிவிஇ-2023-44487, எச்டிடிபி/2 ரேப்பிட் ரீசெட், தீவிரம் அதிகம். சிவிஇ என்பது தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவெண், எச்டிடிபி/2 என்பது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை. பக்கத்தில் தீர்வு என்ற கட்டத்தில் மூன்று வாக்கியங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கவும் (பேட்ச்), அல்லது எச்டிடிபி/2-ஐ முடக்கவும், அல்லது சிடிஎன் சேவையை (தளத்துக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும் வேறொரு நிறுவனத்தின் சர்வர்கள்) பயன்படுத்தவும்.

"ஏனுங்ணா, இந்த மூணுல எதைச் செய்யறதுங்க? நாளைக்குள்ள சிவப்பு போகணும்ங்கறாரு முதலாளி."

அறிக்கையில் எனக்கு உறுத்தியது அந்த 'அல்லது'தான். மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும் மூன்று சோப்பு மாதிரி எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஓட்டையை வேறு வேறு இடத்தில் அடைக்கிறது, வேறு வேறு விலை கேட்கிறது. அறிக்கை சொல்லாத வழிகளும் இரண்டு இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால், தாக்குதல் எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கு ஒரே நேரத்தில் நூறு ஆர்டருக்கு மேல் நிலுவையில் இருக்கக்கூடாது என்று முதலாளி விதி வைத்திருக்கிறார். ஒருவர் வந்து உட்கார்ந்து "ஒரு நெய் ரோஸ்ட்" என்கிறார். சப்ளையர் உள்ளே குரல் கொடுக்கிறார், மாஸ்டர் மாவைக் கல்லில் ஊற்றிவிடுகிறார். அதே மூச்சில் "வேண்டாம்" என்கிறார். சப்ளையர் நோட்டில் அடித்துவிடுகிறார். "ஒரு நெய் ரோஸ்ட்." "வேண்டாம்." "ஒரு நெய் ரோஸ்ட்." "வேண்டாம்." நோட்டைப் பார்த்தால் அந்த மேசையின் நிலுவை எப்போதும் பூஜ்யம், விதியை அவர் மீறவே இல்லை. உள்ளே கல் முழுக்கத் தோசை கருகிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மேசையில் உண்மையான பசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் இலைகூட வரவில்லை.

2015 மே மாதம் ஆர்எஃப்சி 7540 ஆக வெளிவந்த எச்டிடிபி/2, ஒரே இணைப்புக்குள் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்ப வழி செய்தது. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு ஸ்ட்ரீம். ஒரே நேரத்தில் இத்தனை ஸ்ட்ரீம்தான் திறந்திருக்கலாம் என்று சர்வர் வரம்பு சொல்லும். பொதுவாக நூறு, நூற்றுச்சொச்சம். கேட்டதை வேண்டாம் என்று சொல்ல ஆர்எஸ்டி ஸ்ட்ரீம் என்றொரு குட்டிச் செய்தி உண்டு. அது வந்த கணமே அந்த ஸ்ட்ரீம் வரம்புக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆனால் அதற்குள் சர்வர் கோரிக்கையின் தலைப்புகளை (ஹெடர்) பிரித்துப் படித்திருக்கும், நினைவகம் ஒதுக்கியிருக்கும், பின்னால் இருக்கும் பிஎச்பிக்கோ ஜாவாவுக்கோ வேலையைத் தள்ளியும் இருக்கும். கேட்பவருக்குச் செலவு சில பைட்டுகள். செய்பவருக்குச் செலவு ஒரு முழு வேலை.

2023 ஆகஸ்ட் இறுதியில் இந்தத் தந்திரத்தை யாரோ பெரிய அளவில் ஓட்டிப் பார்த்தார்கள். அக்டோபர் 10 அன்று கூகுள், கிளவுட்ஃப்ளேர், அமேசான் மூன்றும் ஒரே நாளில் விவரத்தை வெளியிட்டன. கூகுள் கண்டது நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். கிளவுட்ஃப்ளேர் 20.1 கோடி, அமேசான் 15.5 கோடி. இதில் என்னைக் கலங்கடித்தது வேறொரு எண். கிளவுட்ஃப்ளேரைத் தாக்கிய படை வெறும் 20,000 எந்திரங்கள் கொண்டது. பாட்நெட் (களவாகக் கைப்பற்றிய எந்திரங்களின் படை) உலகில் அது சின்னக் கூட்டம். திருப்பூர் நிறுவனத்தின் நான்கு கோர் விபிஎஸ்ஸை, அந்தச் சின்ன வாடகை சர்வரை, படுக்க வைக்க அந்தக் கூட்டம்கூட வேண்டாம், யாராவது ஒருவரின் லேப்டாப் போதும். ஆகவே கோடிகளைப் பார்த்து 'நமக்கெல்லாம் யார் இவ்வளவு செலவு செய்வார்கள்' என்று ஆறுதல் அடைய முடியாது. இது பணம் செலவழித்துச் செய்யும் தாக்குதலே இல்லை.

இங்கே ஒரு பிரிவினை அவசியம். உங்கள் இணைய இணைப்பையே நிரப்பி அடைக்கும் வெள்ளம் ஒரு வகை. 2018 பிப்ரவரியில் நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் மேல் மெம்கேஷ்ட் என்ற தற்காலிகச் சேமிப்பு சர்வர்களைத் துள்ளுபலகையாக்கி நொடிக்கு 1.35 டெராபிட் அனுப்பினார்களே, அது அந்த வகை. நீங்கள் சர்வருக்குள் என்ன மாற்றினாலும் குழாய் அடைத்துக்கொண்டால் அடைத்துக்கொண்டதுதான். மென்பொருள் ஓட்டையால் வரும் சேவை மறுப்பு இன்னொரு வகை. குழாய் காலியாகக் கிடக்கும், சர்வர் மூச்சுத் திணறும். ரேப்பிட் ரீசெட் இரண்டாவது வகை. இதை மறந்துவிட்டால், இரண்டாவது வகை நோய்க்கு முதல் வகை மருந்தை மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவோம்.

பேட்ச்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பேட்ச் போட வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை, போட வேண்டும். விவாதம் இருப்பது, ஏற்கெனவே போட்டாகிவிட்டதா என்பதில்.

நண்பரின் சர்வரில் ஓடுவது அல்மாலினக்ஸ் 9 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், அதோடு வரும் என்ஜின்எக்ஸ் 1.20.1 என்ற வெப் சர்வர். என்ஜின்எக்ஸ் குழு இந்த ஓட்டைக்கான கூடுதல் தடுப்பைச் சேர்த்தது 1.25.3-இல், 2023 அக்டோபர் 24 அன்று. ஆய்வு செய்தவர்களின் கருவி 1.20.1 என்ற எண்ணைப் படித்தது, 1.25.3-ஐ விடச் சிறியது என்று கண்டது, சிவப்பு அடித்தது. அவ்வளவுதான் அந்த ஆய்வு.

லினக்ஸில் ரெட் ஹேட் குடும்பமும் (அல்மாலினக்ஸ் இதில் சேர்ந்தது) டெபியன் குடும்பமும் பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டி உள்ளே ஒட்டுகின்றன. பேக்போர்ட் என்பார்கள். முன்னால் தெரியும் எண் மாறாது, பின்னால் இருக்கும் வெளியீட்டு எண் மட்டும் கூடும். சரியாகப் பார்க்க வேண்டுமானால் பேக்கேஜின் மாற்றப் பதிவேட்டை எடுத்து அதில் 44487 என்ற எண்ணைத் தேட வேண்டும். நண்பரைத் தேடச் சொன்னேன். இருந்தது. அவர் போன ஆண்டே செய்த வழக்கமான அப்டேட்டில் திருத்தம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தெரியாமல் பலர் செய்வது என்னவென்றால், அறிக்கைக்குப் பயந்து டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) தந்த பேக்கேஜைக் கழற்றிவிட்டு, என்ஜின்எக்ஸின் மூல நிரலை இறக்கிக் கையால் கம்பைல் செய்வது. எண் பெரிதாகும், சிவப்பு போகும். ஆனால் அன்றிலிருந்து அந்த சர்வருக்கு வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து அடுத்த ஓட்டை வரும்போது தானாக அப்டேட் வராது, நினைவு வைத்திருப்பவரும் இருக்க மாட்டார். அறிக்கையைத் திருப்திப்படுத்த சர்வரைப் பலவீனமாக்கும் வேலை இது.

இன்னொரு சின்ன விஷயம், பலர் வழுக்கும் இடம். அப்டேட் செய்த பிறகு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் போதாது. ரீலோட் என்பது அமைப்புக் கோப்பைத் திரும்பப் படிக்க மட்டும்தான், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் அப்படியேதான் இருக்கும். முழுதாக நிறுத்தித் தொடங்க வேண்டும். வட்டில் புதியது, நினைவகத்தில் பழையது என்ற நிலையில் மாதக்கணக்காக ஓடும் சர்வர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று என்னுடையது.

அப்புறம், நிரலோடு சேர்த்துக் கட்டப்பட்ட சர்வர்கள் இருக்கின்றன. இதை அறிக்கைகள் தொடுவதே இல்லை. கோ மொழியில் எழுதிய நிரலுக்குள் எச்டிடிபி சர்வர் உள்ளேயே பிணைந்திருக்கும். நீங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எத்தனை தடவை அப்டேட் செய்தாலும் அந்த பைனரி (கட்டி முடித்த நிரல் கோப்பு) மாறாது. கோ குழு அக்டோபர் 10 அன்றே 1.21.3, 1.20.10 என்று திருத்தம் வெளியிட்டுவிட்டது, ஆனால் அது உங்களை வந்தடைய, புதிய கம்பைலரைக் கொண்டு நிரலைத் திரும்பக் கட்ட வேண்டும். ஜாவா உலகின் ஸ்பிரிங் பூட் ஜார் கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும் டாம்கேட் சர்வருக்கும் இதே கதை. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் தன் எச்டிடிபி/2 நூலகத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, 18.18.2, 20.8.1 பதிப்புகளில் திருத்தினார்கள். ஆக, 'பேட்ச்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் என்ஜின்எக்ஸுக்கு ஐந்து நிமிட வேலையும் இருக்கலாம், கோவுக்கு ஒரு வார வேலையும் இருக்கலாம். ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒப்பீடே வீண்.

அணைத்துவிடுவது

எச்டிடிபி/2-ஐ அணைத்தால் ரேப்பிட் ரீசெட் இல்லை. சந்தேகமே வேண்டாம், நெறிமுறையே இல்லாதபோது அதன் ஓட்டையும் இல்லை. என்ஜின்எக்ஸில் ஒரு சொல்லை நீக்கினால் முடிந்தது. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு. நள்ளிரவு இரண்டு மணிக்குத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் நான் செய்யும் முதல் காரியம் இதுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விலை என்ன? பிரவுசர்கள் பழைய எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புதான் திறக்கும். நிறுவனத்தைப் பற்றி ஐந்து பக்கம் சொல்லும் தளத்துக்கு இது தெரியவே தெரியாது. ஒரு பக்கத்தில் நூற்றைம்பது துணி மாதிரிப் படங்கள் காட்டும் கேட்டலாக் தளத்துக்கு நன்றாகத் தெரியும், அதுவும் கடல் தாண்டி இருக்கும் வாடிக்கையாளருக்கு. நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஜிஆர்பிசி முறையைப் பயன்படுத்தும் சேவைகளில் இந்த வழியே கிடையாது, அது எச்டிடிபி/2 மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று, பழைய நெறிமுறை ஒன்றும் புனிதமானதல்ல. 2009-இல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட ஸ்லோலோரிஸ் எச்டிடிபி 1.1-ஐத்தான் தாக்கியது. அதே மெஸ், வேறு வகை ஆள். மேசைக்கு மேசை ஆட்களை உட்கார வைத்து, "ஒ...", "ரு...", "தோ..." என்று நிமிடத்துக்கு ஓர் எழுத்தாக ஆர்டர் சொல்ல வைப்பது. எல்லா மேசையும் நிரம்பிவிடும், கல்லில் ஒரு தோசை இருக்காது. இணைப்புக்கு ஓர் ஆள் என்று ஒதுக்கி வைக்கும் அன்றைய அப்பாச்சி வெப் சர்வர் இதில் விழுந்தது, நிகழ்வுகளைச் சுற்றி ஓடும் என்ஜின்எக்ஸ் பெரும்பாலும் தப்பியது. இன்றும் அப்பாச்சி வைத்திருப்பவர்கள் எச்டிடிபி/2-ஐ அணைத்துவிட்டு, கோரிக்கைத் தலைப்புகள் இத்தனை நொடிக்குள் முழுதாக வந்தாக வேண்டும் என்ற நேர வரம்பைப் போடாமல் விட்டால், ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறந்து வைத்த கதைதான்.

அணைப்பது முதலுதவி. ஆனால் முதலுதவிக் கட்டு இரண்டு வருடம் கழித்தும் அவிழாமல் இருப்பதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். அமைப்புக் கோப்பில் 'தற்காலிகமாக' என்று ஒரு குறிப்பு, அதற்குக் கீழே தேதி இருக்காது.

வரம்புகள்: மலிவானது, கையைச் சுடுவது

அறிக்கை சொல்லாத முதல் வழி இது. சர்வரிலேயே இருக்கும் வரம்புகளை ஒழுங்காக வைப்பது. காசு கிடையாது, ஆனால் யோசனை வேண்டும்.

என்ஜின்எக்ஸ் இயல்பாகவே ஓர் இணைப்பில் 1000 கோரிக்கைக்கு மேல் ஏற்காது, இணைப்பை மூடிவிடும். ஒரே நேரத்தில் 128 ஸ்ட்ரீம். தாக்குபவர் ஆயிரம் தடவை 'வேண்டாம்' சொன்னதும் எழுந்து வெளியே போய், மறுபடி வரிசையில் நின்று, டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறைகுறியாக்கத்துக்கான முதல் பேச்சு) முடித்து உள்ளே வர வேண்டும். அந்தக் கைகுலுக்கலுக்கு அவர் பக்கமும் செலவு இருக்கிறது. இந்த இயல்பு அமைப்பில் இருந்தவர்களுக்கு ரேப்பிட் ரீசெட்டின் வீச்சு பெரிதும் மட்டுப்பட்டுவிடும் என்று என்ஜின்எக்ஸ் குழு அப்போதே சொன்னது. அடிபடக் காத்திருந்தவர்கள், எங்கோ ஒரு வேகப்படுத்தல் குறிப்பைப் படித்துவிட்டு ஆயிரத்தை ஒரு லட்சமாக உயர்த்தியவர்கள். பெஞ்ச்மார்க்கில் கொஞ்சம் வேகம் கூடியிருக்கும். உங்கள் கோப்பில் அந்த எண் என்ன என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது ஐபி முகவரி வாரியான வரம்பு. நொடிக்குப் பத்து கோரிக்கை, கூடுதலாக இருபது வரை பொறுத்துக்கொள் என்பது மாதிரி. கேட்க எளிமை. இங்கேதான் கை சுடும்.

முதல் சூடு: என்ஜின்எக்ஸில் ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்பு என்று வரம்பு வைத்தால், எச்டிடிபி/2-இல் அது இணைப்பை எண்ணாது. ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கோரிக்கையையும் தனி இணைப்பாக எண்ணும். ஆவணத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்? பத்து என்று வைத்தால், நல்ல வாடிக்கையாளர் கேட்டலாக் பக்கத்தைத் திறக்கும்போது பதினோராவது படத்திலிருந்து பிழை வரும்.

இரண்டாவது சூடு நம்மூர் நிலவரம். மொபைல் நெட்வொர்க்கில் ஏராளமான பேர் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் நிற்கிறார்கள். முகவரி தீர்ந்துபோனதால் நிறுவனங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரு முகவரியைத் தடுத்தால் ஒரு பேட்டையையே தடுத்த மாதிரி ஆகலாம். கல்லூரித் தேர்வு முடிவு மாதிரி ஒரே நிமிடத்தில் எல்லோரும் வரும் தளமென்றால் இந்த வரம்பு தாக்குபவரைவிட மாணவரைத்தான் முதலில் பிடிக்கும். புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் நிலைமை தலைகீழ். ஒரே வீட்டுக்கு ஒரு முழு /64 தொகுதி (எண்ணி மாளாத முகவரிகள்) கிடைக்கிறது, தாக்குபவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது முகவரி போட்டுக்கொள்ளலாம். அங்கே தனி முகவரியை எண்ணுவதில் அர்த்தமில்லை, /64 தொகுதியை ஒன்றாக எண்ண வேண்டும்.

வரம்பு வைத்த பிறகு லாக்கை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் கோரிக்கைப் பதிவை, பாருங்கள். கேட்டவரே பதில் வருவதற்குள் போய்விட்டார் என்பதற்கு என்ஜின்எக்ஸ் 499 என்று எழுதும். ரயிலில் போகும்போது சிக்னல் போனவர்களும் அதில் இருப்பார்கள், தினமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒரே முகவரியிலிருந்து மழை மாதிரி 499 கொட்டினால்தான் சந்தேகம். ஆனால் லாக்கை மட்டுமே நம்பவும் முடியாது. 2024 ஏப்ரலில் பார்டெக் நோவோடார்ஸ்கி வெளியிட்ட கன்டினியூவேஷன் வெள்ளத்தில் கோரிக்கையின் தலைப்பு முடிவதே இல்லை, தொடரும், தொடரும் என்று போய்க்கொண்டே இருக்கும். கோரிக்கை முடியாததால் லாக்கில் ஒரு வரிகூட விழாது. நினைவகம் நிரம்பி சர்வர் விழுந்த பிறகு, லாக் சுத்தமாக இருக்கும்.

எண்ணுவது எதை?

அறிக்கை சொல்லாத இரண்டாவது வழி, முன்னால் நிற்கும் மென்பொருளையே மாற்றுவது. இதைப் பேசும்போதுதான் இந்த ஓட்டையின் உட்பொருள் எனக்கு விளங்கியது.

ஹெச்ஏபிராக்ஸி என்ற, மற்ற சர்வர்களுக்கு முன்னால் நிற்கும் மென்பொருள் 2023-இல் ரேப்பிட் ரீசெட்டால் பாதிக்கப்படவில்லை. அதிர்ஷ்டமல்ல. வாடிக்கையாளர் ரத்து செய்தாலும் பின்னால் வேலை ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதை அவர்கள் 2018-லேயே கவனித்து, பின்னால் உள்ள வேலை உண்மையில் விடுபடும் வரை அந்த ஸ்ட்ரீமை நிலுவையாகவே எண்ணும்படி எழுதிவிட்டார்கள். மெஸ் கணக்கில் சொன்னால், "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை, தோசை கல்லை விட்டு இறங்கும் வரை அது மேசையின் கணக்கில்தான். கோ திருத்தமும் இதே வழி. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கை ஸ்ட்ரீம் வரம்பைத் தாண்டாது, மிச்சமெல்லாம் வரிசையில் நிற்கும், வரிசை அளவு மீறினால் இணைப்பே துண்டிக்கப்படும்.

வேறு சில திருத்தங்கள் இன்னொரு வழியில் போயின. நிமிடத்துக்கு எத்தனை தடவை "வேண்டாம்" என்கிறார் என்று எண்ணுவது, அதிகமானால் வெளியே அனுப்புவது. அந்த நேரத்துக்கு அது வேலை செய்தது. 2025 ஆகஸ்டில் மேட்யூரீசெட் வந்தது, சிவிஇ-2025-8671. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது. இங்கே தாக்குபவர் "வேண்டாம்" என்று சொல்வதே இல்லை. வேண்டுமென்றே விதியை மீறும் ஒரு செய்தியை அனுப்பி, சர்வரையே ரத்து செய்ய வைக்கிறார். வாடிக்கையாளரின் ரத்தை மட்டும் எண்ணியவர்கள் கோட்டை விட்டார்கள். டாம்கேட், ஜெட்டி, நெட்டி போன்ற ஜாவா மென்பொருள்கள் எல்லாம் மறுபடி திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. செய்கிற வேலையை எண்ணினால், ரத்து செய்தது யார் என்ற கேள்வியே எழாது.

அதற்காக எல்லோரும் நாளைக்கே ஹெச்ஏபிராக்ஸிக்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மாற்றுவதில் வரும் கோளாறுகள் தாக்குதலைவிட அதிக நேரம் தளத்தைப் படுக்க வைத்துவிடும். ஆனால் புதிதாக ஒன்றை அமைப்பவர்கள், வெளியே நேரடியாக முகம் காட்டும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, போன ஐந்து வருடத்தில் அது இந்த வகை ஓட்டைகளை எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது, பெஞ்ச்மார்க் பட்டியலைவிட நல்ல அளவுகோல்.

சிடிஎன் பின்னால்

கடைசியாக சிடிஎன். பெரிய நிறுவனம் முன்னால் நின்று அடி வாங்கிக்கொள்ளும், நீங்கள் பின்னால் நிம்மதியாக இருக்கலாம். குழாயை நிரப்பும் வெள்ளத்துக்கு இதைத் தவிர வேறு மருந்து சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் கிடையாது. ரேப்பிட் ரீசெட்டுக்கும் இது பலன் தரும், எச்டிடிபி/2 பேச்சு அவர்கள் வாசலில் முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் சர்வரின் உண்மையான ஐபி வெளியே தெரியாத வரைக்கும்தான். பழைய டிஎன்எஸ் பதிவுகளை (தளப் பெயருக்கு எந்த ஐபி என்ற குறிப்பு) சேர்த்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. அதே சர்வரிலிருந்து போகும் மெயிலின் தலைப்பில் முகவரி இருக்கும். சோதனைக்கு என்று வைத்த துணைப் பெயர் நேரடியாக சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும். சென்சிஸ், ஷோடன் போன்றவை உலகம் முழுக்க ஐபிகளைத் தட்டிப் பார்த்து, எந்த முகவரியில் எந்தச் சான்றிதழ் என்று பட்டியல் வைத்திருக்கின்றன. ஆகவே சிடிஎன் போட்ட அன்றே, சிடிஎன்னின் முகவரித் தொகுதிகளைத் தவிர வேறு யாரும் 443 போர்ட்டை (தளத்தின் எச்டிடிபிஎஸ் வாசல்) தொட முடியாதபடி ஃபயர்வாலை அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் சிடிஎன் வைத்திருப்பவர்களே அதிகம் என்பது என் அனுபவம்.

அடைத்த பிறகு இன்னொரு வேலை. இப்போது உங்கள் சர்வருக்கு எல்லாக் கோரிக்கையும் சிடிஎன் முகவரியிலிருந்துதான் வரும். உண்மையான வாடிக்கையாளர் முகவரியைத் தலைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி என்ஜின்எக்ஸுக்குச் சொல்லாவிட்டால், முன்னே பார்த்த ஐபி வரம்பு சிடிஎன்னையே தாக்குபவர் என்று நினைத்துத் தடுக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் தளம் போய்விடும். வேறு யாரும் தாக்காமலே நமக்கு நாமே செய்துகொள்ளும் சேவை மறுப்பு.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டப் பக்கமும் உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, சேவை மறுப்புத் தாக்குதல் உள்ளிட்ட சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிடிஎன் வாசலிலேயே தடுக்கப்பட்ட கோரிக்கைகள் உங்கள் லாக்கில் இருக்காது, இலவசத் திட்டங்களில் மூல லாக் பெரும்பாலும் கையில் கிடைக்காது. வாடிக்கையாளரின் தரவு மூன்றாம் நிறுவனத்தின் எந்திரத்தில் ஒருமுறை மறைநீக்கப்படுகிறது என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யோசிக்க வேண்டும். வெளிநாட்டு வாங்குபவர்களோடு ரகசிய ஒப்பந்தம் வைத்திருக்கும் திருப்பூர்க்காரர்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல.

நண்பருக்குச் சொன்னது

அவருடைய என்ஜின்எக்ஸுக்கு ஏற்கெனவே பேட்ச் இருந்தது, கோரிக்கை வரம்பும் ஆயிரத்திலேயே இருந்தது. மாற்றப் பதிவேட்டின் அந்த வரியைப் படமெடுத்து ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னேன். எச்டிடிபி/2-ஐ அணைக்க வேண்டாம், கேட்டலாக் படங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிடிஎன் இப்போதைக்கு வேண்டாம். சீசன் நேரத்தில் யாராவது உண்மையிலேயே வெள்ளம் விட்டால் அன்றைக்குப் போகலாம், ஆனால் ஃபயர்வால் விதிகளை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

போனை வைக்கப் போகும்போது, "வெளிய தெரியற மாதிரி வேற எதாவது ஓடுதா?" என்று சும்மா கேட்டேன். 8443 போர்ட்டில் ஒன்று ஓடுகிறது என்றார். வாங்குபவர்கள் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க, முன்பு வேலை பார்த்த பையன் கோ மொழியில் எழுதியது. அறிக்கையில் அந்த போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆய்வு செய்தவர்கள் 80, 443 இரண்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோ நிறுவியிருக்கும் எந்த எந்திரத்திலும், பைனரியைக் கொடுத்து எந்தப் பதிப்பில் கட்டியது என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும். 1.18 என்றது. ரேப்பிட் ரீசெட்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் முந்தையது. டிஎல்எஸ்ஸோடு ஓடும் கோ சர்வரில் எச்டிடிபி/2 தானாகவே திறந்திருக்கும், யாரும் போட வேண்டியதில்லை.

அறிக்கை தட்டிப் பார்க்காமலே விட்ட இடத்தில்தான் உண்மையான ஓட்டை. அதற்கு அன்றிரவு செய்தது அணைப்பதுதான். கோ நிரலுக்கு ஒரு சூழல் மாறியை (வெளியிலிருந்து கொடுக்கும் ஓர் அமைப்பு) வைத்து, திரும்பக் கட்டாமலே சர்வர் பக்க எச்டிடிபி/2-ஐ நிறுத்தலாம். அதைப் போட்டு, நிரலை நிறுத்தித் தொடங்கினார். மறுநாள் 8443-ஐ வெளியே மூடி, என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் தள்ளினார். திரும்பக் கட்டும் வேலை மட்டும் பாக்கி. மூல நிரல் அந்தப் பையனின் பழைய லேப்டாப்பில் இருக்கலாமாம். லேப்டாப் அலுவலக பீரோவில்தான் இருக்கிறது, சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.